வெறுங்கைப் பிடி

செம்பாக்கம்
14.3.1988

அண்ணனுக்குக் காந்திமதி எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு மனசில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். கொளுத்துகிற வெயிலில் இரண்டு பஸ் மாறி, இடுப்பில் குழந்தையோடு நேற்று பொழிச்சலூர் வந்து உன் வாசலில் நின்றால், நீ பின்பக்கமாக நழுவிவிட்டாய். "அவுரு வூட்ல இல்லியே காந்தி" என்று அண்ணி சொல்கிறாள், உன் சைக்கிள் என் கண்ணெதிரே நிற்கிறது. பாவம், எல்லம்மா அண்ணிக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை. அதனால்தான் கடிதம். தபால்காரரைக் கண்டு நீ ஓட முடியாது.

அப்படி என்ன குற்றம் நடந்துவிட்டது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. லாரியின் முன் அச்சில் சக்கரம் திரும்புவதற்கான முளை, அந்தக் கிங் பின், துருப்பிடித்து இறுகிக்கொண்டால், அதன் தலையில் ஒருவர் பன்ச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சம்மட்டியால் அந்தப் பன்ச்சை அடித்துப் பின்னை வெளியே தள்ள வேண்டும். குரோம்பேட்டைப் பட்டறையில் ஒன்பது வருஷமாக என் வீட்டுக்காரர் பிடித்தார், நீ அடித்தாய். பன்ச் என்பது ஒரு சாண் இரும்பு. அதைச் சுற்றி அவர் விரல்கள். அந்த ஒரு சாணுக்கு மேலே உன் சம்மட்டி. உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை, ஆனால் எழுதிப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே உறைக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் அதே பட்டறையில் துரை அடித்த அடி அந்தோணிசாமியின் கையில் விழுந்தது. அவன் விரல்கள் போன கோலத்தை நீயும்தான் பார்த்தாய். அதற்குப் பிறகு இவர் வெல்டரிடம் சொல்லி, பன்ச்சின் இடுப்பில் ஒரு முழக் கம்பியைக் கைப்பிடியாகப் பற்றவைத்துக்கொண்டார். கை தள்ளி நிற்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இன்னா மச்சான், என் அடி மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டுச் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, மறுநாளே பல்லாவரத்தில் வேறு பட்டறைக்குப் போய்விட்டாய். இவர் எத்தனை தரம் கூப்பிட்டு அனுப்பினார்!

வைகாசியில் தனத்துக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பேன்? ஒழுங்காகப் பதில் போடு.

காந்திமதி


பொழிச்சலூர்
21.3.1988

காந்திமதிக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லம்மா படித்துக் காட்டினாள். அப்புறம் நானே படித்தேன். இரண்டு தரமும் எரிச்சல்தான் வந்தது.

"கை தள்ளி நிற்கும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதானா? வெறுங்கையால் ஒருவர் பன்ச் பிடித்தால், எதிரே அடிக்கிறவன் அடி சுத்தம் என்று அர்த்தம். கைப்பிடி போட்டுப் பிடித்தால் அவனுக்குக் கண் போய்விட்டது, தோள் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பார். மச்சான் அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கே டிரைவர் ஸ்ரீரங்கன் எல்லார் எதிரிலும் என்னைப் பார்த்து, "இன்னா பொன்னுசாமி, கண்ணாடி போடப் போறியா?" என்று கேட்டான். அவன் கேட்டால் பரவாயில்லை, அசலான். கேட்க வைத்தது யார்? என் தங்கச்சி புருஷன். என்னை அதுதான் சுட்டது.

துரைக்குக் கைப்பிடி வேண்டும்தான். அவன் தூக்கும்போதே தோள் கோணும். எனக்கு எதற்கு? ஒன்பது வருஷத்தில் மச்சான் விரலில் நகம் கறுத்ததுண்டா? தள்ளிப் பிடித்தால் பன்ச் ஆடும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? ஆடினால் சம்மட்டி வழுக்கி என் முழங்காலுக்கு வரும். அதைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. அவ்வளவு பயமாக இருந்தால், நீ தைக்கிறாயே தோல் கிளவுஸ், அதில் ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொல்.

காது குத்துக்கு வருகிறேன். வராமல் எங்கே போவேன், என் பிள்ளைதானே அது. ஆனால் அதற்கு முன்னால் மச்சான் ஒரு நாள் பல்லாவரம் பட்டறைக்கு வர வேண்டும். எல்லார் பார்க்கவும் வெறுங்கையால் எனக்கு ஒரு கிங் பின் பிடிக்க வேண்டும். அவர் கெடுத்த பேரை அவரே சரிபண்ணட்டும். இல்லாவிட்டால் என் மடி இல்லை.

பொன்னுசாமி


செம்பாக்கம்
28.3.1988

அண்ணா,

என் பிள்ளையின் காதுக்கும் என் புருஷன் கைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை ஒரு வாரமாகத் தையல் மெஷினைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவள், "யாரைத் திட்டறே?" என்கிறாள்.

கிளவுஸ் என்று கிண்டல் பண்ணினாய் அல்லவா, கேட்டுக்கொள். எங்கள் கம்பெனிக் கிளவுஸ் கப்பலில் போகிறது. சிராய்ப்புக்கு நல்லது, சூட்டுக்கு நல்லது. சம்மட்டிக்கு அது ஒன்றுமே இல்லை. கிளவுஸோடு அடி விழுந்தால் தோலும் சதையும் சேர்ந்து நசுங்கும், பிரித்தெடுக்கக்கூட முடியாது. அதைத் தைக்கிறவளே சொல்கிறேன். கை அந்த இடத்தில் இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் வழி.

துரையின் அடி கோணல் என்கிறாய். தை மாசம் வரைக்கும் அப்படி நீ சொல்லி நான் கேட்டதில்லை. அடி விழுகிற வரைக்கும் எல்லார் அடியும் சுத்தமான அடிதான் அண்ணா. அன்றைக்கு நடந்ததை இவர் எனக்குச் சொன்னார். அடித்து அடித்துப் பன்ச்சின் தலை காளான் போல விரிந்து, விளிம்பு பிளந்து கிடந்திருக்கிறது. சம்மட்டி அதில் பட்டு வழுக்கியது. இதில் துரையின் கண் என்ன செய்யும்? உன் கண் மட்டும் என்ன செய்திருக்கும்?

இப்போது துரைதான் இவருக்கு அடிக்கிறான். கைப்பிடியைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் நின்றால் பன்ச் ஆடுவதில்லையாம். இவர் "போடு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் துரை தூக்குகிறான். தலை விரிந்தால் கிரைண்டரில் கொடுத்துத் தேய்த்துவிடுகிறார்கள். காலையில் சம்மட்டியின் காம்பு ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறார்கள். இதில் யாருக்கு என்ன மானம் போயிற்று?

சேலையூரில் கேம்ப் ரோடு ஸ்டாப்பிங்கில் அந்தோணிசாமியைப் பார்த்தேன். லுங்கி அவிழ்ந்துவிட்டது. ஒரு கையால் கட்ட முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போராடிக்கொண்டிருந்தான். உதவி செய்யவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அழுகையாக வந்தது.

உன் நிபந்தனையை இவரிடம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் போய்விடுவார். அவர் சுபாவம் உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கிறாய். வெட்கமாயில்லையா உனக்கு?

காந்திமதி


பொழிச்சலூர்
25.4.1988

அன்புத் தங்கைக்கு,

கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது!

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் ஸ்ரீரங்கன் மூலமாக மச்சானுக்கு நானே சொல்லி அனுப்பினேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, "எந்த வண்டி மச்சான்?" என்றுதான் கேட்டார். வேறு பேச்சில்லை. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது.

செங்கல் லாரி ஒன்று. ஆறு மாசமாக கிரீஸ் காணாத அச்சு, பின் அப்படி இறுகிக் கிடந்தது. பட்டறை முழுக்க வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மச்சான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இடது கையால் பன்ச்சை நிறுத்திப் பிடித்தார். வெறுங்கை. நான் அடித்தேன். பழைய நாள் மாதிரியே இருந்தது காந்தி. அடி அடியாகப் பின் இறங்கிக் கீழே விழுந்தபோது ஏசுதாசன் விசில் அடித்தான். ஏசுதாசன்தான் இங்கே எனக்குப் பன்ச் பிடிக்கிறவன், அவனும் வெறுங்கைக்காரன்தான். ஸ்ரீரங்கன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றான். அதைப் பார்க்கவே வேண்டுமே!

மச்சான் கையில் ஒரு கீறல் கிடையாது. இப்போது என்ன சொல்கிறாய்?

எல்லம்மா பட்டுப் பாவாடை எடுத்து வைத்துவிட்டாள். நல்ல நாள் பார்த்து எழுது.

உன் அண்ணன்
பொன்னுசாமி


செம்பாக்கம்
28.4.1988

அண்ணா,

உன் கடிதம் வரும்வரை எனக்கு எதுவும் தெரியாது. மடிப்பாக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போவதாகத்தான் என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்தவர் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார், பாதி கீழே கொட்டிவிட்டது. தனம் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது வெடுக்கென்று உதறினார். அந்த மனுஷன் பிள்ளையை உதறி நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

கடிதத்தை அவர் முன்னால் போட்டுவிட்டு ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "இன்னா பண்ண சொல்றே? புள்ளைக்கு மாமன் வேணுமில்ல" என்றார்.

கீறல் கிடையாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்குப் பயமே அதுதான். கீறல் விழாததால் நீ மறுபடியும் கூப்பிடுவாய். மொட்டைக்கு ஒரு தரம், பொங்கல் சீருக்கு ஒரு தரம், எவனாவது உன்னைக் கிண்டல் பண்ணினால் ஒரு தரம். இவரும் மறுக்காமல் வந்து நிற்பார். என்றைக்காவது ஒரு நாள் பன்ச்சின் தலை விரிந்திருக்கும். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

வரும் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலைதான். மத்தியானம் பல்லாவரம் பட்டறைக்கு நானே வருகிறேன். ஓடிவிடாதே.

காந்திமதி


பொழிச்சலூர்
4.5.1988

காந்திமதிக்கு,

என்ன காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? பொம்பளை பட்டறைக்குள் வரலாமா? வந்தாய், சரி, திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். நாலு பேர் எதிரில் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஏசுதாசன் கையிலிருந்த பன்ச்சைப் பிடுங்கிக்கொண்டாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அச்சின் பக்கத்தில் குந்தினாய். மச்சான் பிடித்த மாதிரியே இடது கையால் பிடித்துக்கொண்டு, "நான் புடிக்கிறேன், அடிண்ணா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு வெளையாடுறே? எழுந்திரு" என்றேன். "வெளையாடல. உன் அடிதான் சுத்தமாச்சே, அடி" என்றாய். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வீம்புக்குத்தான் சம்மட்டியைத் தூக்கினேன். தூக்கினால் நீ பயந்து கையை எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ எடுக்கவில்லை. அடிக்கிறவன் பன்ச்சின் தலையைத்தான் பார்க்க வேண்டும், கையைப் பார்க்கக் கூடாது. அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அன்றைக்கு எனக்குத் தலை தெரியவே இல்லை. உன் கைதான் தெரிந்தது. நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. சின்ன விரல் பன்ச்சில் ஒட்டாமல் தனியாக நின்றது. தூக்கிய சம்மட்டியை இறக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை.

"பழக்கமில்லாத கை, ஆடும்" என்றேன். "எங்க ஆடுது? பாரு" என்றாய். ஆடவில்லைதான். "அப்போ உன் அடி மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டாய். நான் மச்சானைக் கேட்ட அதே கேள்வி. சம்மட்டியை ஓரமாக இறக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது நீ போய்விட்டாய்.

அதோடு தொலைந்ததா என்றால், இல்லை. திங்கட்கிழமை ஏசுதாசன் பிடிக்கிறான், நான் தூக்குகிறேன், அவன் கை தெரிகிறது. விரல் விரலாகத் தெரிகிறது. அடி விலகி அச்சில் விழுந்து சம்மட்டி துள்ளியது. நேற்றும் அப்படித்தான். முதலாளி, "உடம்பு சரியில்லியா பொன்னுசாமி?" என்று கேட்கிறார். இத்தனை வருஷம் பார்க்காமலே இருந்தேன், நிம்மதியாக அடித்தேன். இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. என் பிழைப்பையே கெடுத்துவிட்டாய். இதற்கு என்ன வழி சொல்லப்போகிறாய்?

பொன்னுசாமி


செம்பாக்கம்
9.5.1988

அண்ணா,

மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய்.

அன்றைக்கு நீ அடித்துவிடுவாய் என்றுதான் நான் நினைத்தேன். சின்ன வயசிலிருந்து உன் வீம்பு எனக்குத் தெரியாதா? கையை எடுத்துவிடலாம் என்று ஆயிரம் தரம் தோன்றியது. எடுத்தால் அவர் கைதான் மறுபடி அங்கே வரும் என்பதால் எடுக்கவில்லை. ரோட்டுக்கு வந்ததும் பஸ் ஸ்டாப்பிங்கில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் போனால் எனக்குத் தையல் இல்லை. என் பிழைப்பும் அந்தப் பன்ச்சின் பக்கத்தில்தான் இருந்தது, அது உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கைக்காக நான் போனேன், என் கைக்காக அவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ அங்கே, அவர் இங்கே. உங்கள் இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பதற்கு நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

வழி கேட்டிருக்கிறாய். கெட்டுப்போனது உன் பிழைப்பு இல்லை. கை தெரிகிறது என்கிறாயே, தெரியத்தான் வேண்டும். அந்தக் கையைத் தள்ளி வை, அப்புறம் உனக்குப் பன்ச்சின் தலை தானாகத் தெரியும். இவரிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: கம்பி ஒரு முழத்துக்குக் குறையக் கூடாதாம், பன்ச்சின் தலைப்பக்கம் பற்றவைக்காமல் நடுவுக்குக் கீழே வைக்க வேண்டுமாம், பிடிக்கிறவன் அடி வரும் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாதாம். உன் மேல் கோபம் இருந்தால் இவ்வளவு சொல்லியிருப்பாரா?

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காது குத்து. வேறு யார் மடியிலும் உட்கார வைக்க இவர் சம்மதிக்கவில்லை. நீ வராவிட்டால் என் பெண் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போவாள். அவ்வளவுதான் எழுதுவேன். கெஞ்சமாட்டேன்.

காந்திமதி


பொழிச்சலூர்
30.5.1988

காந்திக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானும் எல்லம்மாவும் வந்துவிடுகிறோம். மச்சானிடம் சொல்லிவிடு. நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிபந்தனை எதுவும் இல்லை.

மச்சான் சொன்ன அளவிலேயே கம்பி வெட்டிப் பற்றவைத்தேன். கூர்மையாக இருந்த ஓரங்களைத் தேய்த்துவிட்டு, தலையையும் சமமாக்கி, போன வாரம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்ரீரங்கன் இருந்தான். "கண்ணு போச்சா?" என்று ஆரம்பித்தான். "ஆமா போச்சு, இப்ப இன்னா?" என்றேன். அவன் தன் வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். இதற்குப் போய் இவ்வளவு நாள் பயந்தேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கஷ்டம் அவனால் வரவில்லை. ஏசுதாசனால் வந்தது. அவனிடம் அதைக் கொடுத்து, "இனிமே இத்த வெச்சிப் புடி" என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "என் புடி ஆடுதுன்றியா? என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டான். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கம்பியைத் தூக்கி டயர் குவியல் மேல் எறிந்துவிட்டுப் போனவன்தான், இன்னும் வேலைக்கு வரவில்லை.

பம்மலில் அவன் வீட்டுக்கு மூன்று தரம் போய்விட்டேன். தள்ளிப் பிடித்தால் ஆடும் என்கிறான். நகம்கூடக் கறுத்ததில்லை என்கிறான். வேறு பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள் என்கிறான். அந்தோணிசாமி கதையைச் சொன்னால், அவனுக்குப் பிடிக்கத் தெரியாது என்கிறான். நான் உனக்கு எழுதியதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எனக்கே திருப்பிச் சொல்கிறான் காந்தி! நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று தொண்டை வலிக்கக் கத்துகிறேன். மண்டையில் ஏறவில்லை. நேற்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது. பேஜார் தாங்கவில்லை. மூன்று மாசமாக உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. இன்று கிளம்பும்போது அவன் மனைவி சாராள் வாசல் வரைக்கும் வந்தாள். "அவுருக்கு எப்டி புரிய வெக்கிறதுன்னே தெரியலண்ணா" என்று கண் கலங்கினாள்.

"சம்பள பாக்கி வாங்கணும்னு சொல்லி அவனையும் இட்டுக்கினு சனிக்கிழமை பட்டறைக்கு வாம்மா" என்று சொல்லியிருக்கிறேன். "பன்ச்சை நீ புடி. சம்மட்டிய அவன் கைல குடுக்கிறேன்."

பொன்னுசாமி